ஆல்மாவின் நான்காவது கால்

பிளேஸ்டோ, லண்டன்
ஒக்டோபர் 5

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகமாக வந்து சேர்ந்ததைத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுத் தொலைபேசிப் பேச்சு உங்களுக்குத் தெரியும். அம்மா ஸ்பீக்கரில் போட்டு அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பார். சாப்பிட்டாச்சோ என்று நீங்கள் கேட்பீர்கள். நான் ஓம் என்பேன். குளிரோ என்று கேட்பீர்கள். அதற்கும் ஓம் என்பேன். பிறகு மூன்று பேருமாகக் கறி கொதிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்போம். உங்கள் மலையூரில் உங்களோடு இருந்த அந்த ஒரு கிழமையில் பார்த்ததை அப்படிச் சொல்ல எனக்கு ஏலாது. ஆகவே எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சீஸைப் பற்றி. இந்த முறை நான் கொண்டுவந்ததை அம்மா பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு மார்கழியும் நீங்கள் தோளில் சுமந்துகொண்டு வரும் அந்தப் பெரிய வட்டத்தை, நீங்கள் திரும்பி விமானம் ஏறிய மறுநாளே அவர் பக்கத்து வீட்டுப் போலந்துக்காரிக்குக் கொடுத்துவிடுவார். மணக்குது என்பார். உங்களுக்கு இது தெரியாது என்று நினைக்கிறேன். நீங்கள் வேலை செய்யும் சீஸ் பக்டரியில் விற்காமல் மிஞ்சியதைக் கட்டித் தருகிறார்கள் என்றுதான் நாங்கள் இரண்டு பேரும் நினைத்திருந்தோம்.

இது மிஞ்சியது இல்லை, அப்பாவின் மலையிலிருந்து வந்த வாடகை என்று நான் சொன்னதும் அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினார். அவருக்கு எங்கை மலை எண்டு கேட்டார். எனக்குத் தெரிந்த மாதிரி விளங்கப்படுத்தினேன். அந்த ஊரில் மலையை ஏக்கர் கணக்கில் பிரிப்பதில்லை, மாட்டுக் கணக்கில் பிரிக்கிறார்கள். ஒரு மாடு கோடை முழுவதும் மேயத் தேவையான புல் ஒரு பங்கு. மாட்டுக்கு நாலு கால் என்பதால் அந்தப் பங்கும் நாலு கால். மலை இத்தனை மாட்டைத்தான் தாங்கும் என்று எப்போதோ பார்த்து முடிவு செய்திருக்கிறார்கள். அதற்கு மேல் ஒரு கன்றைக்கூட ஏற்ற முடியாது. காலை வாங்கலாம், விற்கலாம், பிள்ளைக்குக் கொடுக்கலாம். ஆனால் நாலு காலும் இல்லாதவர் தனியாக மாடு அனுப்ப முடியாது. இன்னொருவருடைய காலோடு சேர்த்துத்தான் ஒரு மாட்டை மேலே நிறுத்தலாம். அப்பாவிடம் மூன்று கால் இருக்கிறது, மார்த்தா என்ற அம்மாவிடம் ஒன்று இருக்கிறது, இரண்டையும் சேர்த்து மார்த்தாவின் மாடு ஆல்மா மலையில் நிற்கிறது, அப்பாவின் பங்குக்கு அவர்கள் சீஸ் தருகிறார்கள் என்றேன்.

அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அப்ப மூண்டு காலிலை மாடு நிக்காது என்றார். அவ்வளவுதான். பிறகு ஒரு சின்னத் துண்டு வெட்டிப் பாணுக்குள் வைத்து, மேலே கட்டைச் சம்பலும் போட்டுச் சாப்பிட்டார். உறைப்புக்கு நல்லாத்தான் இருக்கு என்றார்.

அப்பா, கோடை முடிந்து மாடுகள் மலையிலிருந்து இறங்கிய அன்று காலையை நான் இன்னும் விட்டு வரவில்லை. ரெயினில் இருக்கும்போதும் அதுதான் வருகிறது. நாங்கள் மேலே, கொட்டிலுக்கு முன்னால் நின்றோம். முகில் எங்களுக்குக் கீழே கிடந்தது. முகிலுக்குக் கீழே ஊர் இருக்கிறது என்பதை நம்ப முடியவில்லை. முதலில் மணிச் சத்தம் மட்டும் வந்தது. ஒரு மணி இல்லை, எங்கிருந்து என்று சொல்ல முடியாத அளவுக்கு எல்லாப் பக்கமும் மணி. அது காதுக்கு வருவதற்கு முன்னே காலுக்கு வந்தது. நிலம் மெல்ல அதிர்ந்தது. பிறகு பாறை மூலையால் ஒரு தலை வந்தது, கொம்புக்கிடையில் பூக்கட்டோடு. அதன் பின்னால் ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், தங்களைப் பார்க்கத்தான் எல்லாரும் நிற்கிறார்கள் என்று தெரிந்த மாதிரி வந்தன. நான் கையில் போனை வைத்துக்கொண்டு படம் எடுக்க மறந்துபோய் நின்றேன்.

சப்பாத்து விஷயத்தையும் எழுத வேண்டும். சீஸைப் பங்குக்காரருக்குப் பிரித்துக் கொடுக்கும் கொட்டிலுக்குள் போகும்போது நான் பழக்கத்தில் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டேன். உள்ளே தரை முழுக்க ஈரம், சாணியும் இருந்தது. எல்லோரும் என் காலுறையைப் பார்த்தார்கள். எனக்கு அந்த இடத்திலேயே மறைந்துவிடலாம் போல இருந்தது. அப்போது மலைச் சங்கத் தலைவர் அலோயிஸ், இந்தப் பிள்ளை யார் என்று யாரும் கேட்க வேண்டாம், குகாவின் மகள் என்று சொன்னார். கொட்டிலே சிரித்தது. நீங்களும் முதல் வருடம் அதையே செய்தீர்களாம். இன்றைக்கும் வாசலில் ஒரு சோடி சப்பாத்து இருந்தால் குகா உள்ளே இருக்கிறார் என்று அர்த்தமாம். அவர்கள் சிரித்தது என்னைக் கேலி செய்வதற்கு இல்லை என்று எனக்கு மெல்லத்தான் விளங்கியது.

அலோயிஸ் இன்னொன்றும் சொன்னார். நீங்கள் வேலைக்கு வந்த புதிதில், சங்கத்தின் இலையுதிர்கால விருந்தில், கால் உள்ளவர்கள் நீள மேசையில் இருந்தார்களாம், இல்லாதவர்கள் குசினியில் சாப்பிட்டார்களாம். யாரோ பகிடிக்கு, குகாவுக்கு மலையில் ஒரு கால்கூட இல்லை என்றாராம். அடுத்த வசந்தத்தில் நீங்கள் ஒரு கால் வாங்கினீர்களாம். வாங்கின கையோடு, மேய்ச்சல் நிலத்தைத் துப்புரவாக்கும் மே மாத வேலைக்கு வந்து, ஒரு காலுக்கு உரிய அளவு கல் பொறுக்கினால் போதும் என்றிருக்க, நாலு காலுக்கு உரிய வேலையைச் செய்தீர்களாம். இதெல்லாம் எனக்குத் தெரியாது. நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை.

இன்னொன்றையும் நான் பார்த்தேன். பாலத்துக்குக் கிட்ட ஆல்மா நின்றுவிட்டது. எல்லோரும் அவர்களுடைய மொழியில் கூப்பிட்டார்கள். அது அசையவில்லை. அப்போது அலோயிஸ், தொப்பி போட்ட அந்தப் பெரிய மனிதர், அதன் முன்னால் போய் நின்று, இஞ்சை வா, இஞ்சை வா என்றார். என் காதை நம்ப முடியவில்லை. ஆல்மா தலையை நிமிர்த்திப் பாலத்தில் கால் வைத்தது. கன்றாக இருந்தபோது நீங்கள்தான் பால் பருக்கினீர்களாம், அதனால் அதற்கு வேறு மொழி விளங்காதாம். அந்த ஊரில் எல்லோருக்கும் அந்த இரண்டு சொல் தெரியும். நீங்கள் பாலத்தின் மறு பக்கத்தில் நின்று சிரித்தீர்கள். வாய் விட்டு, தலையைப் பின்னால் சாய்த்து. லண்டனுக்கு வரும்போது கதிரை நுனியில் இருக்கிற என் அப்பாவுக்கு இப்படி ஒரு சிரிப்பு இருக்கிறது என்று எனக்கு இருபத்துநாலு வயதில்தான் தெரிந்தது.

குளிர் தொடங்கிவிட்டது. முழங்காலுக்கு நான் தந்த உறையைப் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று ஈஸ்ட்ஹாம் முருகனிடம் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் மகள்,
சாருஜா


பிளேஸ்டோ
பெப்ரவரி 16

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை அம்மா எழுதச் சொன்னார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிச்ச பிள்ளை எழுதினால் அவர் கேப்பார், நான் சொன்னால் கறிச் சத்தத்திலை காது கேக்கேல்லை எண்டுவார் என்றார்.

போன ஞாயிறு தொலைபேசியில் நீங்கள் சொன்னதை நாங்கள் இரண்டு பேரும் கேட்டோம். மார்த்தா அம்மா முதியோர் இல்லத்துக்குப் போகிறார், தன் காலையும் ஆல்மாவையும் விற்கப் போகிறார், முதலில் உங்களிடம்தான் கேட்டார், ஏப்ரல் கடைசியில் சங்கக் கூட்டத்துக்கு முன் பதில் சொல்ல வேண்டும் என்று நீங்கள் ஒரே மூச்சில் சொன்னீர்கள். நீங்கள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அம்மா அடுப்பை நிற்பாட்டினார். அன்றைக்குக் கறிச் சத்தமும் இல்லை.

அம்மாவின் கணக்கு நேரானது. மார்ச் முடிய உங்களுக்குப் பென்ஷன். பென்ஷன் எடுத்த கையோடு வாறன் என்று நீங்கள் சொன்ன சொல்லை அவர் பதினாறு வருடமாக மனதில் வைத்திருக்கிறார். என்னை ஆங்கிலத்தில் படிக்க வைப்பதற்காக பேர்ண் நகர வீட்டை விட்டு என்னையும் கூட்டிக்கொண்டு அவர் லண்டனுக்கு வந்தார். பிறகு பேர்ணில் உங்கள் வேலை போய், நீங்கள் அந்த மலையூருக்குப் போனீர்கள். அந்த ஊரை அவர் கண்டதில்லை. சங்கத்து விதிப்படி ஊரை விட்டுப் போகிறவர் காலை விற்றுவிட்டுத்தான் போக வேண்டும் என்று நீங்களே எனக்குச் சொன்னீர்கள். அப்படியென்றால் நான்காவது காலை வாங்குவது என்பது வரமாட்டேன் என்பதுதான். அம்மா அதை உடனே பிடித்துவிட்டார். எனக்குத்தான் இரண்டு நாள் எடுத்தது.

என்னைக் கணக்குப் பார்க்கச் சொன்னார். நானும் ஸ்ட்ராட்போர்ட் ஒபிசில் மதிய இடைவேளையில் பார்த்தேன். கடைகளின் கணக்கைப் பார்க்கிற அதே திரையில் ஒரு மாட்டின் கணக்கு. முடிவை ஒளிக்காமல் எழுதுகிறேன். கோடையில் ஆல்மா நன்றாகவே உழைக்கும். சீஸ் வரும். மலைக்கு ஏற்றிய மாட்டுக்கு அரசாங்கம் தருவதும் வரும். ஆனால் ஒக்டோபரிலிருந்து மே வரை அது அலோயிஸின் தொழுவத்தில் நிற்க வேண்டும், வைக்கோல் தின்ன வேண்டும், மாட்டு வைத்தியர் வர வேண்டும். கோடை கொண்டுவருவதைக் குளிர்காலம் தின்று முடித்து இன்னும் கொஞ்சம் கேட்கிறது. மாட்டின் விலையையும் காலின் விலையையும் நான் சேர்க்கவே இல்லை. எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் விற்பதுதான் சரி.

இதை அம்மாவுக்குச் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே வரவில்லை. கிருஷ்ணமூர்த்தி அண்ணையின் பலசரக்குக் கடையில் இத்தனை வருடம் வேலைக்கு நிற்கிறவர் அல்லவா. பாலிலை ஆருக்கு லாபம் வந்தது என்றார். எங்கள் கடையிலும் பால் விற்பதில் ஒன்றும் இல்லையாம், சில நாள் கையைக் கடிக்குமாம். அதனால்தான் பால் பிரிட்ஜைக் கடைக்கு அந்தக் கடைசியில் வைத்திருக்கிறார்களாம். பாலுக்கு வருகிற சனம் முருங்கைக்காயையும் மாம்பழப் பெட்டியையும் தாண்டித்தான் போக வேண்டும். மூன்று வருடம் பொருளாதாரம் படித்தேன், அந்தக் கடைக்குள் நூறு தரம் பால் எடுக்கப் போயிருக்கிறேன், ஏன் அவ்வளவு தூரம் நடக்கிறேன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

ஆனால் அப்பா, அங்கே நான் கேட்டு வந்ததற்குப் பக்கத்தில் இந்தக் கணக்கை வைத்தால் எனக்கு இது சின்னதாகத் தெரிகிறது. மேய்க்காத புல் நீளமாக வளர்ந்து சரிந்து கிடக்குமாம். அதற்கு மேலே பனி விழுந்தால், ஈரத் தலைமயிரில் சீப்பு வழுக்குகிற மாதிரி முழுப் பனியும் வழுக்கிக் கீழே வருமாம். மாடு கடித்துக் கட்டையாக விட்ட புல்தான் பனியைப் பிடித்து வைக்குமாம். அலோயிஸ் இதைச் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே பாணில் வெண்ணெய் பூசினார். நான் நிமிர்ந்து அந்தச் சரிவைப் பார்த்தேன். கீழே பள்ளிக்கூடம், தேவாலயம், பஸ் நிற்கும் இடம். அவ்வளவையும் மாடுகளின் வாய் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறது. அந்த நாட்டில் பல மலை வீடுகளின் வருமானத்தில் கிட்டத்தட்டப் பாதி அரசாங்கத்திடமிருந்து வருகிறதாம். புல் வெட்டும் நிலம் எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு கூடத் தருவார்களாம். சில வருடத்துக்கு முன், கன்றிலேயே கொம்பைத் தீய்த்துவிடாமல் வளர விடுகிறவருக்கு மேலதிகமாகக் கொடுக்கலாமா என்று முழு நாடும் வாக்குப் போட்டதாம். தோற்றுப்போனதாம், ஆனாலும் போட்டார்களாம். டாக்டர்களும் பஸ் ஓட்டுகிறவர்களும் ஞாயிற்றுக்கிழமை எழும்பி ஒரு மாட்டின் கொம்பைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். வெளிநாட்டுப் பால் மலிவாக இருக்கும்போது ஏன் இவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் அங்கேயும் நிறையப் பேர் இருக்கிறார்களாம். அவர்கள் சொல்வதும் பிழையில்லை என்று அலோயிஸே சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த பாணை எடுத்தார்.

எங்கள் வகுப்பில் இது மானியம் என்ற ஒரு வரியாக வந்தது. விரிவுரையாளர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். நானும் போய்விட்டேன்.

இதையெல்லாம் அம்மாவுக்கு ஆசையாகச் சொன்னேன். படங்களையும் காட்டினேன். பாலத்தடியில் நீங்கள் சிரிக்கிற படத்தில் நிற்பாட்டினார். அதை வேறு யாரோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார்கள். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பல்லைக் காட்டச் சொன்னால் கலியாணப் படத்திலையும் காட்டாத மனுசன் என்றார். ஆல்மா இஞ்சை வா என்றால்தான் வரும் என்ற கதையையும் நான் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாதென்று பட்டது. அம்மா போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம். மாட்டைப் பாத்து இஞ்சை வா எண்டு சொல்ல வாய் வந்திருக்கு, எனக்கும் ரெண்டு கால் இருக்கு, பதினாறு வருசத்திலை ஒருக்கா வந்து பாரும் எண்டு சொன்னவரோ என்றார். பிறகு எழும்பிக் கடைக்கு ஷிப்டுக்குப் போனார். அன்றைக்கு அவருக்கு ஷிப்ட் இல்லை.

ஆக, அம்மா எழுதச் சொன்னது இதுதான்: கணக்கு விற்கச் சொல்கிறது, வித்துப்போட்டு வரட்டாம்.

எனக்கு என் கணக்கில் திருப்தி இல்லை. எங்கே பிழை என்றும் தெரியவில்லை. கூட்டல் சரியாகத்தான் இருக்கிறது.

பனியில் கவனமாக நடவுங்கள். பக்டரிப் படியில் உப்புப் போடச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
சாருஜா


பிளேஸ்டோ
ஏப்ரல் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் இரண்டு வரிக் கடிதம் கிடைத்தது. அம்மா சொல்வதும் சரி, இன்னும் யோசிக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அதை அம்மாவும் வாசித்தார். எத்தனை தரம் வாசித்தார் என்று தெரியாது, நான் வேலையால் வரும்போது மேசையில் வைத்த இடத்தில் அது இருக்கவில்லை.

நான் ஒரு காரியம் செய்தேன். கவுன்சிலுக்கு ஒரு போன் எடுக்க வேண்டும் என்றாலே அரை நாள் ஒத்திகை பார்க்கிற ஆள் நான் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் போன சனிக்கிழமை அம்மா கடையில் இருந்த நேரம் அலோயிஸுக்கு எடுத்தேன். எட்டு வயது வரைக்கும் பேர்ணில் பேசின மொழி கொஞ்சம் வாயில் இருந்தது, மிச்சம் தானாக வந்தது. இங்கிலாந்து தூரம் என்று அவர் கத்திக் கத்திப் பேசினார். ஊரை விட்டுப் போகிறவர் காலை விற்க வேண்டும் என்ற விதியில், கோடை முழுவதும் அங்கே இருந்து குளிர்காலத்தில் மட்டும் வேறு எங்கேயாவது இருக்கிறவர் போனவரா, இருக்கிறவரா என்று கேட்டேன். அவர் கதிரையை இழுத்து இருக்கிற சத்தம் கேட்டது. பிறகு, பட்டணத்துக்காரர் வந்து மலையை வாங்கிப் போட்டுவிட்டுப் போய்விடக்கூடாது என்றுதான் எங்கள் பாட்டன்மார் அப்படி ஒரு விதி வைத்தார்கள் என்றார். ஏறும்போதும் இறங்கும்போதும் கல் பொறுக்கும்போதும் ஆள் நின்றால் போதும், குளிர்காலத்தில் மலையே நித்திரை, குகா எங்கே படுத்தால் அதற்கென்ன என்றார். ஆனால் தான் தனியே முடிவு செய்ய முடியாது, கூட்டத்தில் கேட்க வேண்டும், அதையும் தான் கேட்க முடியாது, கால் உள்ளவர் எழும்பி நின்று தன் வாயால் கேட்க வேண்டும் என்றார்.

அதற்குப் பிறகு அவர் கேட்டதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். குளிர்காலத்தில் குகாவுக்கு லண்டனில் என்ன இருக்கிறது, மகளுக்கு உதவியாகவா என்று கேட்டார்.

செப்டெம்பரில் நடந்த ஒன்றை நான் உங்களுக்குச் சொல்லவில்லை. சீஸ் பிரித்த அன்று மத்தியானம் மார்த்தா அம்மா என் கையைப் பிடித்து, உன் தாய் செத்து எத்தனை வருடம் என்று கேட்டார். அவருடைய புருஷனும் போய்விட்டாராம், அதனால் குகாவின் துக்கம் தனக்கு விளங்கும் என்றார். அம்மா பிளேஸ்டோவில் இருக்கிறார் என்று சொன்னேன். என்னைப் பார்த்துப் பாவப்பட்டுத் தலையாட்டினார். பிளேஸ்டோ என்பது மயானத்தின் பெயர் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். எனக்குத் திருத்திச் சொல்ல வாய் வரவில்லை. எல்லோரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள் அப்பா. நீங்கள் பொய் சொல்லியிருக்க மாட்டீர்கள். நீங்கள் ஒன்றுமே சொல்லியிருக்க மாட்டீர்கள். அவர்கள் கேட்காமல் விட்டிருப்பார்கள். பதினாறு வருடத்தில் அது தானாக அப்படி ஆகிவிட்டிருக்கும்.

அலோயிஸிடம் இந்த முறை சொல்லிவிட்டேன். லண்டனில் குகாவின் மனைவி இருக்கிறார், பெயர் ஜெகதீஸ்வரி, கடையில் வேலை செய்கிறார், பால் ஏன் கடைக்குக் கடைசியில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும் என்றேன். அதற்கு அவர், அப்படியென்றால் மூன்று காலோடு நிற்கிறது ஆல்மா மட்டும் இல்லை என்றார். அவர் அதைச் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

இதில் எதையும் அம்மாவுக்கு நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

அம்மாவைப் பற்றிச் சில செய்தி. மார்கழியில் நீங்கள் கொண்டுவந்த சீஸ் முடியப்போகிறது. கடைசித் துண்டைப் பேப்பரில் சுற்றி மேல் தட்டில் வைத்திருக்கிறார். போலந்துக்காரி வாசலில் நின்று இந்த வருடம் இல்லையா என்று கேட்டபோது, அது எங்கடை மலையிலை வந்தது, கொஞ்சம்தான் என்று சொல்லி அனுப்பினார். எங்கடை என்று சொன்னதை நான் மாடிப்படியில் நின்று கேட்டேன். கடையில் லலிதா அக்காவுக்கும் ஆல்மாவின் படத்தைக் காட்டியிருக்கிறார். அந்த மாட்டுக்குத் தமிழ் மட்டும்தானாம் விளங்கும், எங்கடை பிள்ளையளை விடப் பரவாயில்லை என்று இரண்டு பேரும் சிரித்தார்களாம். லலிதா அக்கா என்னிடம் சொன்னார்.

போன கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு ஸ்ட்ராட்போர்ட் போனார். கடையில் நின்று நின்று காலெல்லாம் நோகுது, நல்ல சப்பாத்து ஒன்று வேணும் என்றார். நான் மெத்தென்ற ஒன்றை எடுத்துக் காட்டினேன். வேண்டாம் என்றார். கணுக்காலை மூடுகிற, அடியில் பல்லுப் பல்லாக இருக்கிற ஒன்றை எடுத்தார். கடையின் தரை மாபிள் அம்மா, இது எதுக்கு என்றேன். மழைக்கு வழுக்காது என்றார். காசைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. சப்பாத்து இப்போது முன்கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. விலை அட்டையைக்கூடக் கழற்றவில்லை. கடைக்குப் பழையதைத்தான் போட்டுக்கொண்டு போகிறார்.

அப்பா, நான் என் கணக்கை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். அதில் ஆல்மா இருக்கிறது, வைக்கோல் இருக்கிறது, வைத்தியர் இருக்கிறார். அம்மா இல்லை. நீங்களும் இல்லை. கூட்டல் சரியாக இருந்தும் எனக்குத் திருப்தி வராததற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். காலை வாங்குவதும் விற்பதும் உங்கள் விருப்பம். நீங்கள் வாங்கினால் மே மாதக் கல் பொறுக்கும் வேலைக்கு நான் லீவு எடுத்து வருகிறேன். விற்றால் ஹீத்ரோவுக்கு வருகிறேன். இரண்டுக்கும் எனக்குச் சம்மதம். ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்கு மட்டும் நான் சம்மதமில்லை. அந்தக் குணத்தை உங்களிடமிருந்து எடுத்தவள் நான்தான், ஆகவே அது எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும். ஒரு போன் எடுத்த பிறகு அது கொஞ்சம் குறைகிறது. இதை நான் இப்போதுதான் கண்டேன்.

இந்தக் கடிதம் கிடைத்த பிறகு கூட்டத்துக்கு முன்னர் ஒரு ஞாயிறு இருக்கிறது. அன்றைக்கு வழக்கம் போல எடுங்கள். சாப்பிட்டாச்சோ என்று கேளுங்கள், குளிரோ என்றும் கேளுங்கள். பிறகு அம்மாவிடம் கொடுக்கச் சொல்லுங்கள். ஸ்பீக்கரை நான் நிற்பாட்டிவிட்டு அறைக்குள் போய்விடுவேன். அடுப்பும் அணைத்திருக்கும். மாட்டுக்கும் மனுசிக்கும் ஒரே சொல்லா என்று அவர் ஒருநாள் சண்டை பிடிப்பார், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உங்களுக்கு வேறு சொல் வராவிட்டால் அதையே சொல்லுங்கோ. பாலத்துக்கு மறு பக்கத்தில் நின்று சிரித்த மாதிரி நின்று, ஒரு தரம், இஞ்சை வாரும் எண்டு.

அவரிடம் சப்பாத்து இருக்கிறது.

உங்கள் மகள்,
சாருஜா